ஓர் ஈரநிலத்தை வரைபடமாக்கிய அனுபவம்

பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு ஆய்வகத்தில் முதுநிலை ஆய்வு மாணவனாகச் சேர்ந்தபோது, எனக்கும் சக மாணவர்களுக்கும் நெறியாளர் அளித்த பணி, ஓர் ஈரநிலத்தின் நீர்ப்பரப்பும் தாவரப் பரப்பும் 2018 முதல் 2023 வரை எப்படி மாறின என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைபடமாக்குவது. படங்களுக்குப் பஞ்சமில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள் இணை ஐந்து நாள்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கிறது, முக்கியமான நான்கு பட்டைகளில் (ஒளியின் அலைநீளப் பிரிவுகளில்) ஒரு பிக்சலின் அளவு 10 மீட்டர், தரவும் இலவசம். ஆயினும் எங்கள் உழைப்பில் பெரும்பகுதி வகைப்பாட்டை, அதாவது ஒவ்வொரு பிக்சலும் எந்த வகை நிலம் என்று பிரிப்பதைத் தொடங்கும் முன்பே செலவானது. அது வீண் செலவல்ல, வரைபடத்தின் நம்பகத்தன்மை அங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் உறுதியான கருத்து.

மேகங்களை நீக்குவது ஓரளவு எளிது. மேக நிழல் அப்படியல்ல. நிழலும் ஆழமான நீரும் அகச்சிவப்புப் பட்டையில் ஒன்றுபோலவே கறுத்துத் தெரிவதால், ஐயத்துக்கிடமான படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தே விலக்கினோம்.

அகச்சிவப்பு, சிவப்பு மதிப்புகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பசுமையை அளக்கும் தாவரக் குறியீட்டை ஆண்டுவாரியாகக் கணக்கிட்டபோது, 2022-இன் தொடக்கத்திலிருந்து மதிப்புகள் எங்கும் சரிந்திருந்தன. வறட்சி என்று எழுதிவிடத் தூண்டும் சரிவு அது. ஆனால் பருவத்துக்குப் பருவம் அதிகம் மாறாத அடர்ந்த மரக்கூட்டங்களிலும் அதே சரிவு தெரிந்ததால் காரணத்தைத் தேடினோம். 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த செயலாக்க முறையில், ஒவ்வொரு பிக்சல் மதிப்புடனும் 1000 கூட்டப்பட்டுத் தரவு வெளியாகிறது. சிவப்பில் 400, அகச்சிவப்பில் 3600 என்றிருந்தால் குறியீடு 0.80. அதே பிக்சல் 1400, 4600 என்று வரும்போது, இரண்டின் வித்தியாசம் மாறாமல் கூட்டுத்தொகை மட்டும் பெருகுவதால், குறியீடு 0.53 ஆகக் குறைந்துவிடுகிறது. பழைய படங்களும் மறுசெயலாக்கம் செய்யப்பட்டுப் புதிய முறையில் கிடைப்பதால், படமெடுத்த தேதியை நம்பாமல் ஒவ்வொரு படத்துடனும் வரும் விவரக் கோப்பைப் படித்த பிறகே 1000-ஐக் கழித்தோம். இந்தப் பணிக்கு வருகிற எவரும் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

கணினிக்கு நில வகைகளைக் கற்பிக்கவும் முடிவைச் சரிபார்க்கவும் புள்ளிகளைச் சேகரிக்கும் களப்பணியில் கவனிக்க வேண்டியது, எங்கே நின்று புள்ளியைக் குறிக்கிறோம் என்பது. கையடக்க ஜிபிஎஸ் கருவி சில மீட்டர் பிசகக்கூடும். ஆகவே வரப்பிலோ கரையோரத்திலோ நிற்காமல், சுற்றிலும் ஒரே வகை நிலமாக இருக்கும் இடத்தின் நடுவில் நின்று குறித்தோம். ஆகாயத்தாமரை மூடிய நீர்ப்பரப்பு திரையில் செழித்த பயிராகவே தெரிந்தது. கரையில் நின்று பார்த்த பிறகுதான் அதைத் தனி வகையாக்கினோம். கடந்த ஆண்டுகளுக்குச் சென்று பார்க்க வழியில்லை என்பதால், அந்தந்தக் காலத்து உயர்தெளிவுப் படங்களையே சான்றாகக் கொண்டோம்.

பயிற்சிக்குப் பயன்படுத்திய புள்ளிகளைச் சரிபார்ப்புக்குத் தொடவே இல்லை. பல முடிவு மரங்களின் வாக்கைக் கொண்டு வகைப்படுத்தும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறையில் ஒட்டுமொத்தத் துல்லியம் நன்றாக வந்தபோதும், நாணலும் கரையோரப் பயிரும் ஒன்றோடொன்று கலந்திருந்ததை, எந்த வகை எதுவாகத் தவறாகக் கணிக்கப்பட்டது என்பதைப் பட்டியலிடும் பிழை அட்டவணை காட்டியது. அவ்விரண்டையும் ஒரே வகையாகச் சேர்த்து, அதற்கான காரணத்தையும் அறிக்கையில் எழுதி, களப்புள்ளிகளைத் தேதியுடன் அடுத்த மாணவர்களிடம் ஒப்படைத்தோம்.