தூரத்து ஃபைலைத் திறக்க ஐந்து நாள்: பராமிகோவோடு பட்ட பாடு

பைத்தானில் ஃபைல் திறப்பது யோசிக்காமலே கை செய்கிற வேலை. அதையே அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரின் சர்வரில், எஸ்எஃப்டிபி (ஃபைல்களைப் பாதுகாப்பாகப் பரிமாறும் முறை) வழியாகச் செய்ய எனக்கு ஐந்து நாள் பிடித்தது. நேற்றுக் காலைதான் ஸ்க்ரிப்ட் ஒரு எரரும் இல்லாமல் ஓடி முடிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தேவை இவ்வளவுதான்: தினமும் இரவு அங்கே விழும் 120 எம்பி சிஎஸ்வி ஃபைலைப் படித்து, கணக்குப் போட்டு, முடிவை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய தரவு எங்கள் டிஸ்க்கில் தங்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் ஃபைலை இறக்கி வைக்கிற ‘கெட்’ ஆகாது. அங்கேயே ‘ஓப்பன்’ செய்து படிக்க வேண்டும்.

பராமிகோவை, அதாவது பைத்தானிலிருந்து எஸ்எஃப்டிபி பேச உதவும் நூலகத்தை, நிறுவியது, நுழைவதற்கான சாவி உருவாக்கிப் பொதுச் சாவியை அனுப்பியது எல்லாம் அரை மணி நேரம். முதல் இணைப்பில் ‘இந்த சர்வர் நோன் ஹோஸ்ட்ஸில் (தெரிந்த சர்வர்களின் பட்டியலில்) இல்லை’ என்று நின்றது. தெரியாத சர்வரையும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் ஆட்டோஆட்பாலிசியைப் போட்டு உடனே தாண்டிவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எதிரே இருப்பது எந்த சர்வர் என்று பார்க்கிற ஒரே இடம் அதுதான். சர்வர் சாவியின் சுருக்க அடையாளமான ஃபிங்கர்பிரின்ட்டைக் கேட்டு வாங்கி ஒத்துப்பார்த்துச் சேர்த்தேன். ஒரு நாள் போனது, பரவாயில்லை.

அடுத்த மூன்று நாள் போனதுதான் இன்னும் ஆறவில்லை. அவர்கள் கொடுத்த ஃபோல்டர் பாத் ‘/டேட்டா/எக்ஸ்போர்ட்ஸ்/டெய்லி’. அதோடு ஃபைல் பெயரைச் சேர்த்து அப்படியே ஓப்பனில் கொடுத்தால் ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’, எரர் எண் 2. அங்கே சர்வரைக் கவனிப்பவருக்கு எழுதினேன். மறுநாள் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது: அவர் டெர்மினலில் அதே பாத், அதே ஃபைல். கூடவே ஒரு வரி: ‘ஃபைல் இருக்கிறது, உங்கள் கோடைப் பாருங்கள்.’ பாத்தை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். முன்னால் இருக்கிற சாய்கோட்டை எடுத்துப் பார்த்தேன். டில்டே குறி (~) போட்டுப் பார்த்தேன். அதை ஹோம் ஃபோல்டராக மாற்றுவது டெர்மினலில் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லின் வேலை. எஸ்எஃப்டிபி அதை வெறும் எழுத்தாகத்தான் பார்க்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்னொரு மெயில் அனுப்பினேன். நேர வித்தியாசத்தால் இன்னொரு நாள். அதே ஸ்க்ரீன்ஷாட் திரும்ப வந்தது.

மூன்றாம் நாள் ராத்திரிதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: நான் எங்கே நிற்கிறேன்? முழு பாத்தைச் சொல்லும் ‘நார்மலைஸ்’ ஃபங்ஷனுக்கு ஒற்றைப் புள்ளியை, அதாவது ‘இப்போது இருக்கும் இடம்’ என்பதை, கொடுத்தேன். பதில் வெறும் ‘/’. உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் ‘லிஸ்ட்டிர்’ போட்டால் ஒரே ஒரு ஃபோல்டர், ‘டெய்லி’. விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் யூசரை குரூட் (ஒரு ஃபோல்டரையே முழு டிஸ்க் போலக் காட்டும் ஏற்பாடு) போட்டு எக்ஸ்போர்ட்ஸ் ஃபோல்டருக்குள் அடைத்திருக்கிறார்கள். சர்வரைக் கவனிப்பவருக்கு அது இரண்டு படி உள்ளே இருக்கிற இடம்; எனக்கு அதுவே வாசல். ஃபோல்டர் பாத்தை ‘/டெய்லி’ என்று மாற்றியதும் ஃபைல் திறந்தது. இனி எந்த சர்வரானாலும் என் கோடின் முதல் இரண்டு வரி இந்த நார்மலைஸும் லிஸ்ட்டிரும்தான். யார் என்ன பாத் சொன்னாலும் சரி.

திறந்துவிட்டதே என்று வரிவரியாகப் படிக்கவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது பாதிகூட முடியவில்லை. மொத்தம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்தது. நெட் மெதுவோ என்று அளந்து பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. காரணம் பராமிகோ படிக்கிற விதத்தில் இருந்தது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் வரியைப் படிக்கிற ‘ரீட்லைன்’ 8 கேபி கேட்கும், பதில் வரும்வரை காத்திருக்கும், அப்புறம்தான் அடுத்த 8 கேபி. 120 எம்பிக்கு இப்படி 15,360 முறை போய் வர வேண்டும். எனக்கும் அந்த சர்வருக்கும் இடையே ஒரு முறை போய் வர 220 மில்லிவிநாடி. பெருக்கினால் 56 நிமிடம். டிஸ்க்கில் இருக்கும் ஃபைலில் இந்தக் காத்திருப்பு கண்ணுக்கே தெரியாது.

மருந்து ஒரே வரி: திறந்த கையோடு ‘பிரீஃபெட்ச்’சைக் கூப்பிடுவது. அது 32 கேபி துண்டுகளாக முழு ஃபைலையும் வரிசையாகக் கேட்டுவிடும், ஒன்றுக்கொன்று காத்திருக்காது. ஒரு மணி நேரம் ஒன்றரை நிமிடமானது. எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் கவனம். படிக்காத துண்டுகள் நினைவகத்தில் சேரும். மேலே பத்து வரி மட்டும் போதும் என்றாலும் முழு ஃபைலும் வந்து இறங்கும். ஒரே நேரத்தில் அத்தனை கோரிக்கைகள் போனால் சில சர்வர்கள் திணறி நின்றுவிடும். எத்தனை வரை போகலாம் என்று வரம்பு வைக்க புதிய பதிப்புகளில் வழி உண்டு. ஜிப் மாதிரி அங்கங்கே தாவிப் படிக்கும் ஃபைலுக்கு பிரீஃபெட்ச் வேண்டாம்; ஓப்பனிலேயே ‘பஃப்சைஸ்’ (ஒரு முறை கேட்கும் அளவு) 32768 பைட் என்று கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்துப் பயனில்லை, ஒரு கோரிக்கைக்கு பராமிகோ கேட்பதே அவ்வளவுதான்.

வேகம் வந்த பிறகு ஒரு பெயரில் இடித்துக்கொண்டது: ஹோசே. கடைசி எழுத்தின் மேல் சின்னக் கோடு உள்ள பெயர். அவர்களுடைய ஃபைல் விண்டோஸ்-1252 குறியாக்கத்தில் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் ஒரு முறை) இருந்தது. சாதாரண ‘ஆர்’ முறையில் திறந்தால் ரீட்லைன் எல்லாவற்றையும் யூடிஎஃப்-8 என்ற வேறொரு குறியாக்கம் என்றே எடுத்துக்கொள்கிறது. ஆனால் ‘ரீட்’ பைட்டாகத்தான் தருகிறது. ஒரே ஃபைல், இரண்டு நடத்தை! பைட்டாகவே தரும் ‘ஆர்பி’ முறையில் திறந்து, வரியை நானே எழுத்தாக டிகோட் செய்தேன். சரியாகிவிட்டது.

ஐந்தாம் நாள் கடைசி வரி பாதியில் அறுந்து வந்தது. அவர்கள் எழுதி முடிப்பதற்குள் நான் திறந்திருக்கிறேன். வேறு பெயரில் எழுதி, முடிந்ததும் ரீநேம் செய்யுங்கள் என்று அதே ஆளுக்குத்தான் எழுதினேன். இந்த முறை ஸ்க்ரீன்ஷாட் வரவில்லை. இரண்டு மணி நேரத்தில் ‘மாற்றிவிட்டோம்’ என்று பதில் வந்தது. நேற்றுக் காலை கடைசி வரி முழுசாக இருந்தது, கடைசிக் காற்புள்ளிவரை.