இரண்டு காலன் கேரட்

பெட்ரோல் நிலைய வாசலில், விறகுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் கேரட் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மூட்டை ஒன்று இருபது கிலோவாவது இருக்கும். கோணியது, பிளந்தது, இரட்டைக் கால் முளைத்தது என்று காய்கறிக் கடைகள் கழித்துத் தள்ளியதெல்லாம் அதற்குள் இருந்தது.

"இவ்வளவும் மானுக்கா?" என்று கேட்டேன்.

"மானுக்குத்தான். நமக்கு உள்ளே பேஸ்டி இருக்கிறது" என்றார் நண்பர்.

பேஸ்டி என்பது சோமாஸுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு பண்டம். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ருடபேகா கிழங்கு எல்லாவற்றையும் மாவுக்குள் மூடிச் சுட்டிருப்பார்கள். செம்பு, இரும்புச் சுரங்கங்களில் வேலை செய்ய இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தது. மிளகாய்ப் பொடி ஒரு சிட்டிகை இருந்திருந்தால் இன்னும் பாராட்டியிருப்பேன்.

டெட்ராய்ட்டின் புறநகரில் பல ஆண்டுகள் இருந்தும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வடபகுதியான மேல் தீபகற்பத்துக்கு நான் குளிர்காலத்தில் போனதில்லை. வேட்டைக்கும் எனக்கும் ஒட்டும் உறவும் கிடையாது. ஊரில் மான்கறி என்ற சொல்லையே குரலைத் தாழ்த்திச் சொல்லும் வழக்கத்தில் வளர்ந்தவன். அலுவலக நண்பர் டிசம்பரில் வேட்டை முகாமுக்குப் போகிறேன், சும்மா வேடிக்கை பார்க்க வாருங்கள் என்றதும் கிளம்பிவிட்டேன்.

கீழ், மேல் தீபகற்பங்களை இணைக்கும், 1957இல் திறந்த மேக்கினா பாலம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளம். வடக்கே போகும்போது வலப்பக்கம் ஹ்யூரான் ஏரி, இடப்பக்கம் மிச்சிகன் ஏரி. அன்று இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. வேட்டைக்கு மானை ஈர்க்கத் தீனி போடும் சட்டமும் இந்தப் பாலத்தில்தான் மாறுகிறது. பாலத்துக்குத் தெற்கே 2019 ஜனவரி 31 முதல் தீனி போடத் தடை. வடக்கே, நோய்க் கண்காணிப்புக்கென்று ஒதுக்கிய பகுதியைத் தவிர்த்து, செப்டம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை போடலாம். அதற்கும் அளவு உண்டு. ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் இரண்டு காலனுக்கு மேல் இருக்கக்கூடாது. நம் கணக்கில் ஏழரை லிட்டர். அதையும் குவிக்காமல், பத்தடிக்குப் பத்தடி பரப்பிலாவது இறைத்துவிட வேண்டும்.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம் நாள்பட்ட மெலிவு நோய். மடிப்புப் பிசகிய ஒரு புரதம் மூளையை அரித்துவிடும். மருந்து கிடையாது. எச்சிலிலும் சிறுநீரிலும் பரவும். மண்ணில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் அழியாது. மிச்சிகனின் காட்டு மான்களில் 2015இல் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே, 1990களில், கீழ்த் தீபகற்பத்தின் வடகிழக்கு மூலையில் மாட்டுக் காசநோய் மான்களிடையே பரவியிருந்தது. பந்தியில் ஒரே இலையில் பத்துப் பேர் கைவைத்தால் என்ன ஆகுமோ அதுதான் தீனிக் குவியலிலும் ஆகும். வேட்டைக்காரர்களில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்கிறார்கள். மீதிப் பேர் கேரட் வியாபாரத்தைக் கெடுக்கிறார்கள் என்கிறார்கள். அந்த வாசலில் மூட்டைகளைப் பார்த்தபோது எனக்கு இரண்டு கட்சியும் புரிந்தது.

மனிஸ்டீக் ஊரைத் தாண்டி வடக்கே காட்டுப் பாதையில் போனால் முகாம். ஓர் அறை, ஒரு விறகடுப்பு, நான்கு கட்டில். நண்பரின் அப்பா முன்னாலேயே வந்து அடுப்பை மூட்டியிருந்தார். எண்பதை நெருங்கியவர். மூட்டையைப் பார்த்ததும், "மறுபடியும் கடை போடப் போகிறாயா?" என்று மகனைக் கேட்டார். அவர் ஆயுளில் தீனி வைத்துச் சுட்டதில்லையாம். தடம் பார்த்து, காற்று பார்த்து, நடந்தே சுட்டவர்.

மகனுடைய வாதம் வேறு. நவம்பர் 15இல் துப்பாக்கிப் பருவம் தொடங்கி அந்த மாதம் முழுவதும் காடு வெடித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு மிஞ்சிய மான் பகலில் தலைகாட்டாது. ஆண் மானோ இணைசேரும் பருவத்தில் சரியாக மேயாமல் அலைந்து, உடம்பில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட இழந்திருக்கும். அதற்குப் பசி ஒன்றுதான் பலவீனம். "வாரக்கடைசி இரண்டு நாள்தான் எனக்கு லீவு. நடந்து தேட நேரம் ஏது?" என்றார். கிழவர் பதில் சொல்லாமல் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினார்.

மறுநாள் நண்பர் இரண்டு காலன் கேரட்டை அளந்து, வெண்சீடர் என்னும் பசுமை மாறா மரத் தோப்பின் ஓரத்தில் பனிமேல் இறைத்தார். விதைப்பவர் வீச்சில் பாதிகூட வரவில்லை. நாங்கள் ஒளிந்திருந்த கூடாரம் அங்கிருந்து எண்பது மீட்டர். அவர் கையில் இருந்தது குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, நம் நாட்டுத் துப்பாக்கிக்குப் பணக்காரத் தம்பி. டிசம்பரில் அந்தப் பகுதியில் அதற்குத்தான் அனுமதி. ஒரே குண்டு. தவறினால் மறுபடி கெட்டிப்பதற்குள் மான் அடுத்த மாவட்டத்தில் இருக்கும்.

காத்திருப்பதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கால் விரல்கள் முதலில் வலித்தன, பிறகு வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது. நீலக் குருவி ஒன்று வந்து கேரட்டைக் கொத்திப் பார்த்துவிட்டு, அவமதிப்பாக அப்படியே போட்டுப் போனது.

நான்கு மணிக்குமேல் ஒரு பெண் மான், பின்னால் குட்டி. அவரிடம் இருந்த உரிமச் சீட்டு கொம்புள்ளதற்கு மட்டும். அது ஓரத்திலேயே நின்று, முன்னங்காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, பனியில் ஓங்கித் தட்டியது. அந்தச் சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. பிறகு மூக்கை நீட்டி ஒரு கேரட்டைப் பக்கவாட்டில் கடித்தது. ஊரில் ஆடு முருங்கைக் கிளையை மெல்லும் அதே தாடை அசைவு.

நான் அதையே பார்த்துக்கொண்டிருக்க, நண்பர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று தீனியிலிருந்து எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம். அங்கே மரங்களுக்குள் ஒரு சாம்பல் முதுகு. ஆண் மான் நாங்கள் பார்த்தவரை தீனியின் பக்கமே வரவில்லை. தள்ளி நின்று, வாசனையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கேரட் பெண் மானை நிறுத்த, பெண் மான் ஆணை நிறுத்தியது. வெடித்ததும் வெள்ளைப் புகை எழுந்து எல்லாவற்றையும் மறைத்தது. புகை விலகியபோது அங்கே எதுவும் இல்லை. பனியில் சிவப்புப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு நூறடி போனதும் கிடைத்தது.

கிழவர் விளக்கோடு வந்து குடலை இறக்கினார். எனக்காகத்தான் என்று நினைக்கிறேன், வயிற்றுப் பையைத் தனியே எடுத்துப் பனிமேல் வைத்துக் கீறினார். ஆவி பறந்தது. உள்ளே அரைத்த பச்சைத் துவையல் மாதிரி சீடர் இலை. அதற்குள் விரல் நகம் அளவில் நாலைந்து ஆரஞ்சுத் துணுக்குகள்.

"இருபது கிலோ" என்று மகனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னிடம், குளிர்காலத்தில் மானின் வயிற்றுக் கிருமிகள் இலை, குச்சிக்குத் தகுந்தபடி மாறியிருக்கும், திடீரென்று மக்காச்சோளத்தைக் கொட்டினால் அது புளித்து, வயிறு நிறைந்தபடியே செத்துப்போகும் என்று விளக்கினார். அப்படிச் செத்ததைப் பார்த்திருக்கிறாராம்.

ஞாயிறு மாலை பாலத்தைத் தாண்டித் தெற்கே வந்தோம். பெட்டியில் எனக்கென்று கொஞ்சம் கறி. அதன்மேல் மிஞ்சிப்போன அரை மூட்டை கேரட். மனைவி அல்வாவுக்கு ஆகுமா என்று ஒன்றை ஒடித்துப் பார்த்துவிட்டு, மூட்டையைக் கார் கொட்டகையிலேயே விட்டுவிடச் சொன்னாள்.

திங்கள் காலை காபியோடு பின்பக்க ஜன்னலுக்கு வந்தேன். மூன்று மான்கள். வேலிக்கு நான் நட்ட சீடர் செடிகளை, எட்டும் உயரம் வரை மொட்டையடித்துக்கொண்டிருந்தன. கொட்டகைக் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. ஆனால் இது பாலத்துக்குத் தெற்கே. கேரட் போட்டால் எனக்கு அபராதம். கண்ணாடியைத் தட்டினேன். ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது, மெல்லுவதை நிறுத்தாமல்.