பாண்டிச்சேரிக் கவுதாரியும் தரங்கம்பாடிப் புறாவும்

புதுச்சேரிப் பேருந்து நிலையத்திலிருந்து ஊசுடு ஏரிக்கு அழைத்துச் சென்று, அங்கே காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கு 500 ரூபாய் என்று பேசி ஏற்றிய ஆட்டோக்காரர், இறங்கும்போது 900 ரூபாய் வாங்கிக்கொண்டார். "காத்திருந்ததுக்குக் காசு வேணாமா சார்?" என்று அவர் கேட்டபோது, காத்திருப்பையும் சேர்த்துத்தான் பேசினோம் என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. பயணத்தின் முதல் நாளிலேயே இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு இப்படிப் போனது என்னை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. நீங்கள் செல்வதாக இருந்தால், ஏரிப் பக்கம் போகும் நகரப் பேருந்தில் ஏறி, இறங்கி, மீதித் தூரத்தை நடந்துவிடுங்கள்.

இந்தப் பயணத்தின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பறவைகளின் அறிவியல் பெயர்களில் நம் சோழமண்டலக் கடற்கரை ஊர்கள் சில ஒளிந்திருக்கின்றன. அந்த ஊர்களுக்கே சென்று, அந்த ஊர்ப் பெயரைச் சுமக்கும் பறவைகளை அங்கேயே பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. புதுச்சேரி, தரங்கம்பாடி, கோடியக்கரை என்று வழி வகுத்துக்கொண்டேன். போக்குவரத்து, தங்குமிடம், செலவு ஆகியவற்றை வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களுக்கு வாக்களித்திருக்கிறேன். பறவைகள் இடம் கொடுத்தால் அதையும் செய்கிறேன்.

ஊசுடு ஏரிக்கரையின் புதர்க்காட்டில் முதலில் காதில் விழுந்தது கவுதாரியின் குரல். சற்று நேரத்தில் இரண்டு பறவைகள் மண்பாதையைக் குறுக்காகக் கடந்தன. தொண்டை வெளிறிய மஞ்சளாகவும், அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு கழுத்தணி போலவும் இருந்தன. உடல் முழுவதும் நெருக்கமான குறுக்குவரிகள். இதன் அறிவியல் பெயர் ஓர்ட்டிகோர்னிஸ் பொண்டிசெரியானஸ். முதற்சொல் கிரேக்கத்தில் காடையையும் பறவையையும் குறிக்கும் சொற்களின் கூட்டு. இரண்டாம் சொல்லுக்குப் பாண்டிச்சேரியைச் சேர்ந்தது என்பது பொருள். வட இந்தியா முழுவதும், பாகிஸ்தானிலும், ஈரானிலும்கூட வாழும் இந்தப் பறவை உலக அரங்கில் பாண்டிச்சேரிக்காரனாகவே பதிவாகியிருக்கிறது என்பதை நினைத்தபோது, ஆட்டோக் கட்டணம் சிறிது நேரம் மறந்துபோனது.

இந்தப் பெயர் வந்த கதை அத்தனை நேர்மையானது அன்று. உயிரினங்களுக்கு இரு சொற்களால் (முதலாவது, நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியான பேரினத்தைச் சொல்வது; இரண்டாவது, அந்த இனத்துக்கு உரியது) பெயர் வைக்கும் முறையை விலங்குகள் அனைத்துக்கும் சீராக நடைமுறைப்படுத்தியவர் சுவீடனின் லின்னேயஸ். 1758-இல் வெளிவந்த அவருடைய நூலின் பத்தாம் பதிப்புதான் விலங்குப் பெயர்களுக்கு இன்றுவரை தொடக்கப்புள்ளி. அவர் மறைந்த பிறகு, ஜெர்மனியின் கிமெலின் என்பவர் அந்நூலை விரிவாக்கிப் பதிமூன்றாம் பதிப்பாகக் கொண்டுவந்தார். அதற்காக அவர் கப்பல் ஏறவில்லை; பிறர் எழுதிய பயண நூல்களைப் புரட்டி, அவற்றில் கண்ட பறவைகளுக்கெல்லாம் லத்தீனில் பெயர் சூட்டிக்கொண்டே போனார். பியேர் சொனரா என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவில் சுற்றி எழுதி 1782-இல் வெளியிட்ட நூலில் 'பாண்டிச்சேரிக் கவுதாரி' என்று குறித்திருந்ததை, கிமெலின் 1789-இல் அப்படியே லத்தீனாக்கினார். சாம்பல் நிறத்தில் கீச்சானைப் போன்று தோன்றும் இன்னொரு சிறு பறவைக்கும் அதே வழியில் அதே ஊர்ப் பெயர் கிடைத்தது. அதை முதலில் ஈப்பிடிப்பான்களோடு வைத்தபோது 'பொண்டிசெரியானா' என்று பெண்பால் ஈறு பெற்றிருந்த சொல், பின்னர் டெஃப்ரோடோர்னிஸ் என்ற ஆண்பால் பேரினத்துக்கு மாற்றப்பட்டதும் 'பொண்டிசெரியானஸ்' ஆனது. பேரினம் மாறினால் லத்தீன் இலக்கணப்படி ஈறும் மாற வேண்டும். ஊர் மட்டும் மாறாது.

சொனராவைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. அவர் நியூகினியில் கண்டதாக எழுதிய பறவைகளுள் ஆஸ்திரேலியாவின் கூக்கபரா என்ற பெரிய மீன்கொத்தியும் பெங்குவின்களும் அடக்கம். நியூகினியில் பெங்குவினும் இல்லை, அந்தக் கூக்கபராவும் இல்லை. அவர் அந்தத் தீவை எட்டியதே இல்லை என்பது பின்னர் தெளிவானது. ஆனால் அவர் பேச்சை நம்பி வைத்த பெயர்கள் நிலைத்துவிட்டன. சிரிக்கும் கூக்கபரா இன்றும் டசெலோ நோவகினியே, அதாவது நியூகினிக்காரன். அண்டார்க்டிகாப் பக்கம் வாழும் ஒரு பெங்குவின் இன்றும் பிகோசெலிஸ் பாப்புவா. டசெலோ என்பதும் விளையாட்டுப் பெயர்தான்: மீன்கொத்தியைக் குறிக்கும் அல்செடோ என்ற லத்தீன் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டது. இத்தனைக்குப் பிறகும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழி கல்லஸ் சொன்னெராட்டி என்று இவர் பெயரைச் சுமக்கிறது. 1813-இல் டச்சு விலங்கியலாளர் டெமிங்க் வைத்தது. புளுகியவருக்குக் காட்டுக்கோழி பரிசு!

பொருந்தாத பெயர் என்று தெரிந்தும் ஏன் மாற்றுவதில்லை என்று கேட்கலாம். விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதிகளின்படி, முறையாக வெளியான பெயர்களுள் முந்தியதே செல்லும். பொருள் பொருந்தவில்லை என்பது அதை நீக்கக் காரணமாகாது. நம் தூக்கணாங்குருவி இதற்கு நல்ல சான்று. அதன் பெயர் ப்ளோசியஸ் ஃபிலிப்பினஸ்; இரண்டாம் சொல் லின்னேயஸ் 1766-இல் வைத்தது. முதற்சொல் நெசவாளி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிலிப்பைன்ஸ் நாட்டில் தூக்கணாங்குருவி இயற்கையாக வாழ்வதே இல்லை. சீர்காழியைத் தாண்டிய பிறகு பனைமட்டைகளில் கொத்துக்கொத்தாகத் தொங்கிய கூடுகளைப் பேருந்திலிருந்து பார்த்தபோது, எனக்கு லின்னேயஸ் மேல்தான் கோபம் வந்தது.

ஊசுடு ஏரியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன். அங்கே நான் மிக அருகில் பார்த்தது நத்தைக்குத்தி நாரை. கரையோரச் சேற்றில் அலகை நுழைத்து, ஒரு நத்தையைப் பற்றி, அலகின் நுனியைக் கூட்டுக்குள் செலுத்தி, கூடு நொறுங்காமல் சதையை மட்டும் உருவி விழுங்கியது. வெறும் கூடு தண்ணீரில் விழுந்ததைத் தொலைநோக்கி இல்லாமலேயே காண முடிந்தது. வளர்ந்த பறவைக்கு அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். அதன் வழியே எதிர்க்கரை தெரிந்தது. பெயர் வைத்தவர்களும் அந்த இடைவெளியைத்தான் பார்த்திருக்கிறார்கள்: அனஸ்டோமஸ் ஆஸிடன்ஸ். கிரேக்கத்தில் வாய் திறந்தது, லத்தீனில் கொட்டாவி விடுவது. பறவையைப் பார்த்து வைத்த பெயர் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து தரங்கம்பாடிக்கு நேரே செல்ல, காரைக்கால் பேருந்தில் ஏற வேண்டும். நான் ஏறிய வண்டியில் கிடைத்த இருக்கைக்குச் சாய்மானம் இருந்த அடையாளம் மட்டுமே இருந்தது. சன்னல் கண்ணாடி ஒவ்வொரு வேகத்தடையிலும் தானாகக் கீழே இறங்கியது. கடலூர் தாண்டும் வரை நடத்துநர் மீதிச் சில்லறையைத் தரவில்லை. கேட்டபோது, "இறங்கும்போது வாங்கிக்கங்க" என்றார். இறங்கும்போது வாங்கினேன், ஒரு ரூபாய் குறைவாக.

தரங்கம்பாடியில் கோட்டையைப் பார்க்கக் கூட்டம் இருந்தது. 1620-இல் டேனியர்கள் தஞ்சை நாயக்கரிடம் இசைவு பெற்றுக் கட்டிய கோட்டை அது. 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்கும் வரை அவர்கள் இங்கே இருந்தார்கள். சமயப் பணியாளர் சீகன்பால்கு பற்றியும் அவர் நிறுவிய தமிழ் அச்சுக்கூடம் பற்றியும் சொல்வதற்கு ஊரில் ஆளுண்டு. ஊரின் பெயரைச் சுமக்கும் புறாவைப் பற்றி நான் கேட்ட ஒருவருக்கும் தெரியவில்லை. "புறாவா? கோயில்ல நெறைய இருக்கு சார்" என்றார் தேநீர்க் கடைக்காரர்.

அவர் சொன்னது மாடப்புறா. நான் தேடியது ஸ்ட்ரெப்டோபீலியா டிராங்க்வெபாரிகா. ஊருக்கு வெளியே, பனையும் கருவேலமும் கலந்து நின்ற திடலில், காலை வெயில் ஏறும் முன்பே அது கிடைத்தது. மற்றக் காட்டுப்புறாக்களைவிடச் சிறியது. ஆணின் உடல் மங்கிய செங்கல் நிறம், தலை சாம்பல், பிடரியில் கறுப்பு அரைவளையம். பெண் பறவை தவிட்டு நிறத்தில் அருகே அமர்ந்திருந்தது. அந்த வளையத்தைத்தான் பேரினப் பெயர் சொல்கிறது: கழுத்தணி பூண்ட புறா. டிராங்க்வெபாரிகா என்பது தரங்கம்பாடியை ஐரோப்பியர் உச்சரித்த விதம். பெயரிட்டவர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பேராசிரியராக இருந்த ஹெர்மான். அவர் 1800-இல் இறந்த பிறகு 1804-இல் வெளிவந்த நூலில் இப்பெயர் இடம்பெற்றது. சொனராவை நம்பிக் கூக்கபராவை நியூகினிக்கு அனுப்பியவரும் இதே ஹெர்மான்தான். இந்த முறையாவது ஊரைச் சரியாகப் பிடித்தார்.

தரங்கம்பாடியில் சாப்பிட்டதைச் சொல்லாவிட்டால் பாவம். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, நான்கு மேசைகள் மட்டும் கொண்ட ஒரு வீட்டு உணவகம்; வாழையிலையில் புழுங்கலரிசிச் சோறும், மண்சட்டியில் முந்தைய நாள் வைத்த கத்தாழை மீன் குழம்பும். புளி இறங்கி, எண்ணெய் மேலே பிரிந்து, மாங்காய்த் துண்டு குழைந்து கிடந்த அந்தக் குழம்புக்காக மட்டுமே இன்னொரு முறை அந்த உடைந்த பேருந்தில் ஏறுவேன். 130 ரூபாய், சோறு கேட்டபோதெல்லாம் கிடைத்தது. இங்கே ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்: கத்தாழை மீன்களுள் பலவற்றின் பேரினப் பெயர் ஜோனியஸ். தரங்கம்பாடியில் சமயப் பணியாற்றிக்கொண்டே மீன்களைப் பதப்படுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பிய கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்பவரின் நினைவாக பெர்லினின் மீனியல் அறிஞர் பிளாக் வைத்தது. பறவை தேடிப் போன ஊரில் இலையிலும் ஒரு லத்தீன் பெயர் வந்து விழுந்தது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை சென்றதில் எழுத ஒன்றுமில்லை. தங்கும் அறையும் அப்படித்தான். உப்பளப் பக்கம் சுற்றிக்காட்ட ஒரு தனியார் வண்டிக்காரர் 2,000 ரூபாய் கேட்டார். பேரம் பேசி 1,400-க்கு ஒப்புக்கொண்டபோதே, திரும்பும் வழியில் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். பூநாரைகள் வெகு தொலைவில், நீரோரத்தில் ஒரு வெளிறிய கோடாகத் தெரிந்தன. அவற்றின் ஃபீனிகாப்டெரஸ் என்ற பெயருக்குச் செஞ்சிறகி என்பது பொருள். அந்தத் தொலைவில் சிவப்பும் தெரியவில்லை, சிறகும் தெரியவில்லை. இதற்கு 1,400 ரூபாய் அதிகம். அருகிலேயே நின்ற நெடுங்கால் உள்ளான்கள்தான் ஈடு செய்தன. தோல்வாரைப் போல் மெலிந்த இளஞ்சிவப்புக் கால்களைப் பார்த்தே கிரேக்கர்கள் ஹிமான்டோபஸ் என்றார்கள்.

உண்மையான வரவு காட்டுக்குள் காத்திருந்தது, அதுவும் இலவசமாக. மாலையில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "சத்தம் போடாதீங்க தம்பி. ஆறுமணிக் குருவி. காலைல ஆறு, சாயங்காலம் ஆறு, கடியாரம் பாக்க வேணாம்." சருகுகளைக் கிளறிக்கொண்டிருந்த அந்தப் பறவையின் பச்சை முதுகும், சிறகில் நீலமும், அடிவயிற்றின் சிவப்பும், இல்லாதது போலத் தோன்றும் குட்டை வாலும் ஒருசேரத் தெரிந்தன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வருவது இது. பெயர் பிட்டா பிராக்கியூரா. பிராக்கியூரா கிரேக்கம், குட்டை வால். பிட்டா லத்தீனும் அன்று, கிரேக்கமும் அன்று, தெலுங்கு. சிறு பறவையைக் குறிக்கும் அந்தத் தெலுங்குச் சொல்லை பிரெஞ்சுக்காரரான வியெய்யோ 1816-இல் பேரினப் பெயராக்கினார். இன்று ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எங்கும் உள்ள இதன் உறவுகள் அனைத்துக்கும் குடும்பப் பெயர் அதிலிருந்து பிறந்ததே. தமிழுக்கு அத்தகைய இடம் அண்மையில்தான் வாய்த்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் வாழும் நீலநிறச் சிறு பறவைகளுக்கு 2017-இல் ஷோலிகோலா என்ற புதிய பேரினத்தை ஆய்வாளர்கள் அமைத்தார்கள். சோலையில் வாழ்வது என்று பொருள். சொனராக்களின் பெயரை ஒட்டுவதைவிட இது நூறு மடங்கு மேல் என்பேன்.

செலவுக் கணக்கை எழுதுவதாகச் சொன்னேன். வண்டிகளுக்குக் கொடுத்தது, தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் கொடுத்ததைவிட அதிகம். இருவராகச் சென்றால் வண்டிச் செலவு பாதியாகும். தனியாகச் செல்பவர்கள் கோடியக்கரையில் வேறு யாரேனும் வரும் வரை காத்திருந்து பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில், உழுதுகொண்டிருந்த டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசையாக நடந்தன. இவற்றின் புபுல்கஸ் கோரமாண்டஸ் என்ற பெயருக்குச் சோழமண்டலத்து மாட்டுக்காரன் என்று பொருள் சொல்லலாம். ஐரோப்பியர் வாயில் சோழமண்டலம்தான் கோரமாண்டல் ஆனது. இத்தனை பொருத்தமான பெயர் வேறு எந்தப் பறவைக்கும் இந்தக் கடற்கரையில் கிடையாது. ஆனால் மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் அண்மைக்காலப் பட்டியல்கள் இதைப் பெருங்கொக்குகளின் ஆர்டியா பேரினத்துக்கு மாற்றி ஆர்டியா கோரமாண்டா என்று எழுதத் தொடங்கிவிட்டன. ஆர்டியா என்றால் வெறும் கொக்கு. சோழமண்டலம் தப்பியது, மாட்டுக்காரன் போய்விட்டான். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.