வளவுக்குள் வங்கக் கடல்

உலகக் கடல்களில் மிதக்கும் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள், 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு நகர்ந்து, பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே வரும் வழியெல்லாம் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. அந்தத் தரவு எல்லாருக்கும் இலவசம். ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் நிறுவனமும் அதைத் தருகிறது. எங்கள் ஐயாக்கள் கொண்டுவிற்கக் கப்பலேறி ரங்கூன் போன கடல் என்பதால், வங்கக் கடல் மிதவை ஒன்றின் ஓராண்டுத் தரவை எடுத்துக்கொண்டேன்.

மிதவை அடியிலிருந்து மேலே வரும் வெப்பநிலையைக் காதால் கேட்க, அதை ஒலியாக்கும் நிரல் ஒன்று எழுதினேன். ஒரு டிகிரிக்கு ஒரு சுரத்தானம், 20 மீட்டருக்கு ஒரு விநாடி என்று கணக்கு வைத்தேன். அடியில் 3 டிகிரி, மேலே 29; தாயிக்குப் பன்னிரண்டு சுரத்தானம், ஆக இரண்டு தாயிக்குச் சற்றே கூடுதல். முதல் ஓட்டத்தில் எங்கள் செட்டிநாட்டு வீட்டின் வளவே அதிரும்படி ஓர் அலறல். அளவீடு இல்லாத இடங்களை 99999 என்று நிரப்புவது அந்தக் கோப்புகளின் வழக்கம். நான் வடிகட்ட மறந்த அந்த எண்ணை நிரல் உச்ச சுரத்தில் நிறுத்தி அலறவிட்டது. "என்னப்பா, குக்கர் வெடிச்சிருச்சா?" என்று இரண்டாங்கட்டிலிருந்து வந்து நின்றார் அப்பத்தா.

திருத்திய பிறகு கேட்டதுதான் வியப்பு. முதல் 90 விநாடியில் பதினொரு சுரத்தானங்களை ஊர்ந்து கடந்த ஒலி, கடைசிப் பத்து விநாடியில் பதினைந்தைத் தாவி ஏறி, காற்றும் அலையும் கலக்கிவிட்ட மேல்நீரை எட்டியதும் ஒரே சுரத்தில் நின்றுவிட்டது. கேட்பவர் பொறுமைக்காக ஆழத்தைச் சுருக்கலாமா என்று யோசித்தேன். அந்த நீண்ட குளிர்தான் கடலின் பெரும்பகுதி என்பதால் விட்டுவிட்டேன். மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் அடக்கியபோது இனிமையாகத்தான் இருந்தது, ஆனால் அந்தத் தாவல் படிக்கட்டாகி, கடல் போய்க் கச்சேரி வந்துவிட்டது.

உப்பின் ஏற்ற இறக்கம் சுரத்துக்குப் போதாத அளவு சிறியது. கங்கையும் பிரம்மபுத்திராவும் மழையும் சேர்ந்து மேல்நீரை நீர்க்கச் செய்வதைக் கண்ணுக்குக் காட்ட, கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணக் கலவை ஊற்றிச் செய்யும் ஆத்தங்குடி டைல் எடுத்துக்கொண்டேன்: நீர்த்த நீருக்கு மஞ்சள், உப்பேறியதற்குக் காவி, ஓராண்டில் மிதவை மேலே வந்த 36 முறைக்கு 36 பட்டைகள். பட்டறைக்காரர் என் படத்தைப் பார்த்ததுமே, "இவ்வளவு நெருக்கமா இருந்தா, அச்சைத் தூக்குறப்போ கலர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடிரும்ணே" என்றார். கேளாமல் ஒன்று ஊற்றச் சொன்னேன். கண்ணாடியிலிருந்து பிரித்தபோது மஞ்சளும் காவியும் குழம்பி ஒரே செங்கல் நிறமாகியிருந்தன. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பட்டையில் ஊற்றிய கல், இப்போது பட்டறைத் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது.