பக்கம் கலையாமல் கோப்பை மாற்றுவது

"பிடிஎஃப் இருக்கு, வேர்டா மாத்திக் குடுங்க" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது மூலக் கோப்பைத்தான், அதாவது அந்தப் பிடிஎஃப் எதிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த அசல் கோப்பை. புத்தகப் பக்கம் வடிவமைப்பது என் தொழில். மூலக் கோப்பு கிடைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

பெரும்பாலான பிடிஎஃப்பில் பத்தி என்று எதுவும் பதிவாகியிருக்காது. எந்த எழுத்து தாளில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற கணக்குதான் இருக்கும். வேர்டோ கோப்பைத் திறக்கும்போதுதான் வரியை மடக்குகிறது. அதனால் மாற்றும் மென்பொருள் இடைவெளியைப் பார்த்துப் பத்தியை ஊகிக்கிறது. கவிதை என்றால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்க எனக்கு மனசு ஆறாது. அடி உடைந்தால் கவிதையே உடைந்த மாதிரி.

தமிழில் இன்னொரு சிக்கல். 'கொ' என்பதை யூனிகோடு, அதாவது கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறை, ககரத்தை முன்வைத்துச் சேமிக்கிறது. தாளில் கொம்புதான் முன்னால் நிற்கிறது. பிடிஎஃப்பிலிருந்து எடுக்கும்போது அந்தப் பார்வை வரிசையே வந்துவிட்டால் 'கொடுத்தார்' என்பது 'ெகாடுத்தார்' ஆகிவிடும். இதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

அப்புறம், வேர்டு கோப்பாகவே அனுப்புகிறீர்களா? சேமிக்கும்போது எழுத்துருவையும் கோப்புக்குள் பதியுங்கள். இல்லையென்றால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேறொன்று வந்து உட்காரும். அகலம் மாறி, பக்கம் வழியும். புதுப் பக்கத்துக்கு என்டரைத் தட்டிக்கொண்டே போகாமல் கன்ட்ரோல், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்.