தோற்ற பாட்டும் அவர்களுக்கே சொந்தமாம்

போன மே மாதம் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் நடந்த சொந்தப் பாட்டுப் போட்டியில் தோற்றேன். அதில் பெரிய வருத்தம் இல்லை. மதிப்பெண்ணில் பாதி லைக் எண்ணிக்கைக்கு என்று வைத்திருந்தார்கள்; எனக்கு அத்தனை சொந்தக்காரர்கள் கிடையாது. வயிறு எரிந்தது மூன்று மாதம் கழித்து, அதே பாட்டை என் யூடியூப் சேனலில் ஏற்றிய அன்று. சாயங்காலமே காப்பிரைட் க்ளெய்ம், அதாவது 'இந்தப் பாட்டின் உரிமை எங்களுடையது' என்ற கோரிக்கை, வந்துவிட்டது. கோரியவர்கள் போட்டி நடத்தியவர்கள். வந்த பாட்டுகளை எல்லாம் ஒரு தொகுப்பாக வெளியிட்டிருக்கிறார்கள், தோற்றதையும் சேர்த்து.

நேரில் பேசிவிடலாம் என்று சேலம் புதிய பேருந்து நிலையத்தில் பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். ரிசார்ட் வாசலில் இருந்தவர் சிரித்தார். "அவங்க ஹாலை ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்தாங்க, அவ்வளவுதானுங்க தம்பி. எங்களுக்கே பாதிப் பணம் பாக்கி." ஒரு காபியைக் குடித்துவிட்டு இறங்கினேன். ஒரு நாள் சம்பளம் போச்சு.

க்ளெய்மை மறுத்து யூடியூபில் டிஸ்ப்யூட் போட்டேன். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அவர்கள் 28 நாளை ஓட்டிவிட்டு நிராகரித்தார்கள். அப்பீல் போகலாம், ஆனால் அதையும் நிராகரித்துப் பாட்டை நீக்கச் சொன்னால் சேனலுக்கு ஸ்ட்ரைக், அதாவது விதிமீறல் தண்டனை, விழலாம். பயந்து நிறுத்திக்கொண்டேன். மின்னஞ்சலில் கேட்டதற்கு, நான் கையெழுத்துப் போட்ட நுழைவுப் படிவத்தை ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். நான்கு பக்கம், பொடி எழுத்து ஆங்கிலம். ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லா உரிமையும், உலகம் முழுக்க, என்றென்றைக்கும் அவர்களுக்கு. பதிலுக்கு எனக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழும் மதியச் சாப்பாட்டு டோக்கனும். அன்று மேசையில் இருந்தவர், "சீக்கிரம் போடுங்க, பின்னாடி லைன் நிக்குது" என்றார். போட்டேன். போனில் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. நீங்களாவது எடுங்கள்.

இதற்கிடையே யாரோ, "ரிஜிஸ்டர் பண்ணிடு, எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். சரியாகாது. எழுதிய நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது. பதிவு என்பது கோர்ட்டில் முதல்கட்டச் சாட்சியாக நிற்கும், அவ்வளவுதான். ஏற்கனவே எழுதிக் கொடுத்ததைப் பதிவு திருப்பித் தராது. இது தெரியாமலேயே காப்பிரைட் அலுவலகத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டினேன். விண்ணப்பத்துக்கான டைரி எண் வந்தது. ஆட்சேபணைக்கான 30 நாள் காத்திருப்பும் முடிந்தது. வெகுநாள் கழித்துக் குறை சுட்டிக் கடிதம் வந்தது.

நான் செய்த தப்பு இதுதான்: மெட்டையும் வரிகளையும் ஒரே விண்ணப்பத்தில் திணித்திருந்தேன். சட்டத்தின் கண்ணில் மெட்டு இசைப் படைப்பு, வரிகள் இலக்கியப் படைப்பு, பதிவான ஒலி மூன்றாவது. வரிகளுக்குத் தனி விண்ணப்பம், தனியாக 500. ஒலிப்பதிவு என்றால் 2000. வரிகளை நான் எழுதவில்லை என்பதால் எழுதியவரின் தடையில்லாக் கடிதமும் வேண்டுமாம்.

எழுதியவன் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் என் நண்பன். அந்த மெட்டே அவன் வீட்டுத் தறிச் சத்தத்தில் பிறந்ததுதான். கையெழுத்து வாங்கப் போனபோது, படிவ ஸ்கேனையும் காட்டிப் புலம்பினேன். அவன் நான்கு பக்கத்தையும் புரட்டிவிட்டு, "இதுல நான் எங்கடா கையெழுத்து போட்டேன்?" என்றான்.

அவ்வளவுதான் விஷயம். என் விண்ணப்பத்தில் இருந்த அதே ஓட்டை, வரிகளை எழுதியவனின் கையெழுத்து இல்லாதது, அவர்கள் படிவத்திலும் இருந்தது. அதோடு இன்னொன்று: 1957 காப்பிரைட் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்; எந்தப் படைப்பு என்று குறிப்பிட வேண்டும். அவசரத்தில் 'பாட்டின் பெயர்' என்ற இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். சோம்பேறித்தனம் உதவிய ஒரே சந்தர்ப்பம். (காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. என் படிவத்தில் இரண்டையும் கவனமாக நிரப்பியிருந்தார்கள், பாவிகள்.)

அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் கோபமான வார்த்தை எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுத்தார். என் பெயரில் அல்ல, நண்பன் பெயரில்: என் வரிகளை நான் யாருக்கும் தரவில்லை, தொகுப்பிலிருந்து எடுங்கள், க்ளெய்மை விடுங்கள். ஸ்பீட் போஸ்டில் போட்டோம்.

பன்னிரண்டாம் நாள் இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. 'நல்லெண்ண அடிப்படையில்' விட்டுக்கொடுக்கிறார்களாம்! நண்பன் தறியை நிறுத்திவிட்டு அதை இரண்டு தடவை வாசித்தான். இரண்டாம் தடவைதான் கவனித்தோம், பாட்டின் பெயர் எங்களுடையது இல்லை. வேறு யாருடைய பாட்டையோ விடுவித்திருந்தார்கள். திரும்ப எழுதி, சரியான பெயரோடு வாங்கி, க்ளெய்ம் நீங்க இன்னும் ஒரு வாரம் ஆனது.

அந்த இன்னொரு பாட்டுக்காரரைத் தேடிப் பிடித்தேன். ஆத்தூர்ப் பெண். தன் பாட்டு அந்தத் தொகுப்பில் இருப்பதே அவருக்குத் தெரியாது. படிவத்தின் நகல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம்.