ஆங்கரேஜ் வழியாக

பறக்கிற விமானங்களைத் திரையில் பின்தொடர்வது ஒரு பைத்தியம். பழைய விமானக் கால அட்டவணைகளைச் சேர்ப்பது இன்னொரு பைத்தியம். இரண்டும் எனக்குத் தனித்தனியாகத்தான் பிடித்தன. முதலாவதில் ஆன்டெனா, கேபிள் என்று கைவேலை. இரண்டாவதில் மடிப்பு விட்டுப்போன காகிதமும் துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னும். இரண்டையும் எனக்குள் முடிச்சுப் போட்டு வைத்தது அலாஸ்காவில் இருக்கும் ஆங்கரேஜ்.

1970களில் வந்த பெரிய ஐரோப்பிய விமான நிறுவனம் ஒன்றின் அட்டவணையை எடுத்து டோக்கியோ பக்கத்தைப் பாருங்கள். லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், கோபன்ஹேகன், எங்கிருந்து கிளம்பினாலும் நடுவில் ஆங்கரேஜ் வந்து உட்கார்ந்திருக்கும். மாஸ்கோ வழியாகச் சில சேவைகள் உண்டு. மத்தியக் கிழக்கு, இந்தியா, பாங்காக் என்று ஊர் ஊராக நின்று போகும் தெற்கு வழியும் உண்டு. ஆனால் அவசரக்காரர்களுக்கு ஆங்கரேஜ்தான். இதைத் தொடங்கி வைத்தது ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்.ஏ.எஸ்., 1957 பிப்ரவரியில். சோவியத் வான்வெளி பெரும்பாலும் மூடிக் கிடந்ததால், உலகத்தின் உச்சந்தலையைச் சுற்றிக்கொண்டு போய், அலாஸ்காவில் எரிபொருள் நிரப்பி, அப்புறம் ஜப்பான்.

அந்தப் பக்கத்தைப் படிப்பதே ஒரு சுகம். ஊர்ப் பெயர்கள் நடுவில். இடப்பக்க நேரங்களை மேலிருந்து கீழாகவும், வலப்பக்க நேரங்களைக் கீழிருந்து மேலாகவும் படிக்க வேண்டும். 1 என்றால் திங்கள், 7 என்றால் ஞாயிறு. மறுநாள் போய்ச் சேர்வதாக இருந்தால் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் +1. எல்லாமே அந்தந்த ஊர் நேரம் என்பதால் லண்டன்–ஆங்கரேஜ் வரி முதலில் அச்சுப்பிழை போலத்தான் தெரியும். பயணம் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் வித்தியாசமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மதியம் கிளம்பினால் அதே மதியத்தில் போய் இறங்கலாம். அங்கிருந்து டோக்கியோவுக்குப் போகும்போது தேதிக்கோட்டைத் தாண்டுவதால், மிச்சம் பிடித்த நேரம் மொத்தமும் பறிபோய்விடும். (காலை 10.30க்கு லண்டனில் ஏறி 9.25க்கு நியூயார்க்கில் இறங்கிய, ஒலியைவிட வேகமான கான்கார்ட் விமானத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அது வேகத்தால் நடந்தது. எனக்கு இந்த மெதுவான கூத்துதான் பிடிக்கும்.)

ஆங்கரேஜ் வழியாகப் போன விமானங்களில் ஒன்றின் எண்ணைப் பார்த்தால் மட்டும் கை சற்று நின்றுவிடும். கொரியன் ஏர் லைன்ஸ் 007, நியூயார்க்–ஆங்கரேஜ்–சியோல். ஆங்கரேஜிலிருந்து கிளம்பியபின் பாதை விலகி சோவியத் வான்வெளிக்குள் போய்விட்டது. 1983 செப்டம்பர் 1 அன்று சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியதில் 269 பேரும் இறந்தார்கள். பல நூறு கிலோமீட்டர் விலகியிருக்கிறோம் என்பது விமானிகளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அதே மாதத்தில், தயாராகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். அமைப்பை முடிந்ததும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கும் திறந்துவிடுவோம் என்று ரீகன் அரசு அறிவித்தது.

என் ஜன்னலோரம் இருக்கும் சின்ன ரிசீவர் நம்பியிருப்பதும் அந்த ஜி.பி.எஸ்ஸைத்தான். விமானம் தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் மூலம் அறிந்து, உயரம், வேகம் எல்லாவற்றையும் சேர்த்து 1090 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பிக்கொண்டே போகிறது. ஏ.டி.எஸ்.-பி. என்பது இதுதான். இடத்தைச் சொல்லும் செய்தி நொடிக்கு இரண்டு முறை வரும்; ஒவ்வொன்றும் 112 பிட்தான். ரகசியக் குறியீடு எதுவும் கிடையாது, யாரும் கேட்கலாம். கால் அலைநீள ஆன்டெனா என்றால் ஏழு சென்டிமீட்டர் கம்பி போதும். தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்த யு.எஸ்.பி. ட்யூனர் ஒன்றைக் கணினியில் செருகினால், மறைப்பு இல்லாத இடத்தில், உயரத்தில் போகும் விமானத்தை 300 கிலோமீட்டருக்கு அப்பாலும் பிடிக்கலாம். ஒவ்வொரு விமானத்துக்கும் ஆறு எழுத்து அடையாளம் உண்டு: 4சிஏ என்று தொடங்கினால் அயர்லாந்துப் பதிவு, ஏ என்று தொடங்கினால் பெரும்பாலும் அமெரிக்கா. என்னிடம் சிக்காத தூரத்துக்கு ஃப்ளைட்ரேடார்24 இணையதளம் இருக்கிறது. அதுவும் என்னைப் போன்றவர்கள் வீட்டில் வைத்திருக்கும் ரிசீவர்களைப் பெருமளவு நம்பித்தான் ஓடுகிறது. “அந்தப் பிளேன் எப்படியும் இறங்கத்தானே போகுது, அதுக்கு எதுக்கு இப்படிக் கண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கீங்க?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

சோவியத் யூனியன் தளர்ந்து சைபீரியா திறந்ததும், நிற்காமல் நெடுந்தூரம் பறக்கும் விமானங்கள் வந்ததும் சேர்ந்து ஆங்கரேஜைத் தள்ளிவிட்டன. 1980களின் கடைசியிலிருந்து வந்த அட்டவணைகளை வரிசையாகப் பரப்பினால் அந்தப் பெயர் பருவத்துக்குப் பருவம் இளைத்துக்கொண்டே போவது தெரியும். முதலில் வாரம் முழுக்க, பிறகு சில நாள், பிறகு பெயரே இருக்காது. ஒரு செய்தித்தாளும் இதை இப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

2022இல் ரஷ்ய வான்வெளி பல நாடுகளுக்கு மீண்டும் மூடியபோது, திரையில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பழைய பக்கங்கள்தான் கண் முன்னால் வந்தன. ஒன்பதரை மணி நேரத்தில் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போய்க்கொண்டிருந்த பின்லாந்தின் ஃபின்ஏர் வடதுருவத்தின் மேலே ஏறி, பதின்மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஜப்பான் ஏர்லைன்ஸ் டோக்கியோவிலிருந்து லண்டனுக்கு அலாஸ்கா, கிரீன்லாந்து பக்கமாகச் சுற்றியது. சீன நிறுவனங்களோ இன்றும் சைபீரியாவுக்கு மேல் நேராகப் போகின்றன. எந்த நாட்டுக்கு எந்த நாடு ஆகாது என்பதை அறிய எனக்கு வரைபடத்தில் வளைந்த கோடுகளே போதும். நிற்கத்தான் தேவையில்லாமல் போய்விட்டது. இன்றைய விமானங்களுக்கு டாங்கில் இடமிருக்கிறது.

சரக்கு விமானங்களின் கணக்கே வேறு. ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு எரிபொருளைச் சுமப்பதைவிடச் சரக்கைச் சுமந்தால் காசு. அதனால் நடுவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்கின்றன; எந்த நேரத்தில் திரையைத் திறந்தாலும் ஆங்கரேஜில் போயிங் 747 ஒன்று இறங்கிக்கொண்டோ ஏறிக்கொண்டோ இருக்கும். பயணிகள் அட்டவணையிலிருந்து மறைந்த ஊர், சரக்கில் உலகின் மிகப் பெரிய விமான நிலையங்களுள் ஒன்று.

அட்டவணை சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவை தூக்கிப் போடுவதற்காகவே அச்சடிக்கப்பட்டவை; மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் பருவம் மாறும், பழையது குப்பைக்குப் போகும். அதனால் அழகான அட்டைக்கு ஆசைப்பட்டுத் தனித்தனியாக வாங்குவதை நான் விட்டுவிட்டேன். ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த பருவங்கள் கிடைத்தால், அட்டை கிழிந்திருந்தாலும், பயண முகவரின் முத்திரை குத்தியிருந்தாலும் எடுத்துக்கொள்வேன். யாரோ பேனாவால் ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தால் இன்னும் சந்தோஷம். துருப்பிடித்த பின்னை மட்டும் உடனே கழற்றிவிடுங்கள், காகிதத்தைத் தின்றுவிடும்.

இப்போது தேடிக்கொண்டிருப்பது 1983இல் வந்த ஃபின்ஏர் அட்டவணை. அந்த ஆண்டுதான் அவர்கள் டிசி-10 ரக விமானத்தில் ஹெல்சிங்கி–டோக்கியோவை எங்கும் நிற்காமல், வடதுருவம் வழியாகத் தொடங்கினார்கள். அதில் போட்டிருக்கும் நேரத்தையும் 2022இல் திரையில் நான் பார்த்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஸ்கேன் கிடைத்தாலும் போதும்.